வேதியியலை விட்டு விலகாத கார்டன் மூர்

1975 முதல் 2005 வரை முப்பது ஆண்டுகள், இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக மூன்று பேர் அடுத்தடுத்து இருந்தார்கள். மூவரில் ஒருவர்கூடக் கணினி அறிவியல் படித்தவர் இல்லை. மின்னணுப் பொறியியல் படித்தவரும் இல்லை. கார்டன் மூர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கு அடுத்து வந்த ஆண்டி குரோவ் வேதிப்பொறியாளர். அவருக்கும் அடுத்து வந்த கிரெய்க் பேரட், ஸ்டான்ஃபோர்டில் பொருளறிவியல் பேராசிரியராக இருந்துவிட்டு வந்தவர். உலகின் பெரும்பாலான மேசைக் கணினிகளுக்குள் உட்கார்ந்திருந்த சிப்பைச் செய்த நிறுவனத்தை, அது உச்சத்தில் இருந்த காலமெல்லாம், உலையும் அமிலமும் படிகமும் பழகிய கைகள்தாம் நடத்தின.

2023 மார்ச் 24 அன்று ஹவாயில் தமது 94ஆவது வயதில் மூர் இறந்தபோது, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட ‘மூர் விதி’யைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. வேதியியல் ஆய்வாளராகத் தொடங்கியவர், பிறகு தொழில்நுட்பத்துக்குத் தாவி, கடைசியில் நிர்வாகியானவர் என்று மூன்று படிகளாக அவர் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எங்கும் தாவவில்லை. நைட்ரஸ் அமிலத்தை ஆராய்ந்த அதே மனிதர், அதே பழக்கங்களோடு, அதே கேள்விகளோடு, பெரிய தொழிற்சாலைக்குள் நடந்து போனார். அவ்வளவுதான்.

கலிஃபோர்னியக் கடற்கரையில் பெஸ்கடேரோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர் மூர். தந்தை அந்தக் கவுன்டியின் துணை ஷெரிஃப். பத்து வயதில் குடும்பம் ரெட்வுட் சிட்டிக்குக் குடிபெயர்ந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரிசாக வந்த வேதியியல் விளையாட்டுப் பெட்டி மூரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் உண்மையான ரசாயனங்கள் இருக்கும். சிறுவன் மூர் கொஞ்சமாக நைட்ரோகிளிசரின் செய்து, அதை டைனமைட்டாக மாற்றி வெடித்துப் பார்த்தான். இன்று அப்படியொரு பெட்டியை விற்கும் கடைக்காரர் பொழுது சாய்வதற்குள் காவல் நிலையத்தில் இருப்பார். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான்; வேதியியலுக்கு நல்லதா என்று சொல்லத் தெரியவில்லை.

1950இல் பெர்க்லியில் வேதியியல் இளநிலைப் பட்டம், 1954இல் கால்டெக்கில் முனைவர் பட்டம். நைட்ரஸ் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் அகச்சிவப்புக் கதிரை எப்படி உறிஞ்சுகின்றன என்பதுதான் ஆய்வு. நாளைக்கே சந்தைக்குப் போகும் விஷயமல்ல. அடுத்து அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் அரசுப் பணத்தில் அடிப்படை ஆராய்ச்சி. அங்கே ஒரு நாள் மூர் ஒரு கணக்குப் போட்டார். தங்கள் குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆன செலவை, அவற்றில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தார். சொல் ஒன்றுக்கு 5 டாலர் வந்தது. வரி கட்டுகிறவனுக்கு இந்த விலை கட்டுபடியாகிறதா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய கதை இது. ஆனால், மூரின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு செயல்பாட்டின் விளைச்சல் எவ்வளவு, ஓர் அலகுக்கு எவ்வளவு செலவு என்று கேட்பது தொழிற்சாலை வேதியியலின் முதல் பாடம். கடைசிவரை மூர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணப்பட்டவை மட்டும் மாறின: முதலில் சொற்கள், பிறகு டிரான்சிஸ்டர்கள்.

அவரை வேறு வேலைக்கு அழைத்தவர் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி. பெல் ஆய்வகத்திலிருந்து விலகி, கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யும் நிறுவனம் தொடங்கியிருந்தார். பெல் ஆய்வகத்தில் வேதியியலாளர்கள் உருப்படியான வேலைகள் செய்ததைப் பார்த்தவர் என்பதால், தமக்கும் ஒருவர் வேண்டும் என்று தேடினார். லிவர்மோர் அணு ஆயுத ஆய்வகம் வேலை தர முன்வந்து, வேண்டாம் என்றவர்களின் பட்டியல் அவர் கைக்கு வந்தது. அதில் மூர் பெயர் இருந்தது. 1956இல் மூர் சேர்ந்தார். அந்த ஆண்டே ஷாக்லிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஷாக்லியின் மேதைமையைப் பற்றி இரண்டு கருத்து இல்லை; ஆள் மேய்ப்பதில் அவருக்கிருந்த கோளாறு பற்றியும் இரண்டு கருத்து இல்லை. ஊழியர்களைப் பொய் கண்டறியும் கருவிக்கு முன் உட்கார வைக்க நினைத்தவர் அவர். 1957 செப்டம்பரில் மூர், ராபர்ட் நாய்ஸ் உட்பட எட்டுப் பேர் விலகி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘துரோகிகள் எண்மர்’ என்ற பட்டம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அந்தப் பிளவின் நாடகத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் பேச விரும்புவது அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்பதை.

அங்கே நடந்தது பெரும்பாலும் வேதியியல். டிரான்சிஸ்டர் என்றதும் மின்சுற்று, கம்பி, பலகை என்று மனம் போகும். செய்முறையைப் பார்த்தால் வேறு காட்சி. மணலிலிருந்து பிரித்த சிலிக்கானை, ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து டிரைகுளோரோசைலேன் என்ற ஆவியாகும் திரவமாக்கி, அதைத் திரும்பத் திரும்ப வாலைவடித்து, மறுபடி சிலிக்கானாக்க வேண்டும். அதை உருக்கிப் படிகமாக இழுத்து, மெல்லிய தகடுகளாக அறுக்க வேண்டும். ஆயிரம் டிகிரிக்குப் பக்கமான வெப்பத்தில் உலையில் வைத்து மேலே ஆக்சைடு படலம் வளர்க்க வேண்டும். ஒளிபட்டால் தன்மை மாறும் பசையைப் பூசி, ஒளியால் வரைந்து, வேண்டாத இடத்து ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். திறந்த இடத்தின் வழியே போரானையும் பாஸ்பரசையும் ஊடுருவச் செய்து, இறுதியில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவிட வேண்டும்.

எண்மரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டபோது, போரான், பாஸ்பரஸ் போன்ற மாசுக்களை ஊடுருவச் செய்யும் உலைகள் மூர் வசம் வந்தன. விற்பனைக்குத் தயாராக எந்தக் கருவியும் இல்லாத காலம். வாயுக்களைக் கொண்டுசெல்லும் கண்ணாடிக் குழாய் அமைப்புகளை, ஆய்வு மாணவராக இருந்தபோது பழகிய கண்ணாடி ஊதும் கைத்திறனைக் கொண்டு மூரே செய்தார். டிரான்சிஸ்டரின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு உலோகம் வேண்டும் என்று பொதுவாக நினைத்திருந்த நிலையில், அலுமினியம் ஒன்றே இரண்டு பக்கத்துக்கும் போதும் என்பது அவரது சோதனைகளில் பலித்தது. 1958இல் ஐபிஎம் நிறுவனத்துக்கு 100 டிரான்சிஸ்டர்களை, ஒன்று 150 டாலர் வீதம் விற்றதுதான் நிறுவனத்தின் முதல் வியாபாரம்.

வேலை செய்யும்போது தகட்டின் மேல் உருவாகும் ஆக்சைடு அழுக்கானது, கழுவி எடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய பாடம். எண்மரில் ஒருவரான ஜான் ஹோர்னி, அதை எடுக்காமல் விட்டால் அதுவே கீழே இருப்பதைக் காக்கும் என்றார். 1959இல் செயலுக்கு வந்த அந்தச் சமதளச் செய்முறையின் மேல்தான் நாய்ஸின் ஒருங்கிணைந்த சுற்று எழுந்தது. இன்றைய சிப்புகள் அனைத்தும் அந்த வம்சம்.

ஆக்சைடு வேறொரு தொல்லையையும் கொண்டுவந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த ஆக்சைடு வகை டிரான்சிஸ்டர்கள் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் நடந்துகொண்டன. மின்சுற்று வல்லுநர்களிடம் இதற்கு விடை இல்லை. மூர் நடத்திய ஆராய்ச்சிப் பிரிவில் வேதியியலாளர் புரூஸ் டீல், ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து பெர்க்லியில் வேதிப்பொறியியல் முடித்திருந்த குரோவ், இயற்பியலாளர் எட் ஸ்னோ ஆகியோர் குற்றவாளியைப் பிடித்தார்கள்: சோடியம். கை வியர்வையில் இருக்கும் அதே சோடியம், அணு அளவில் ஆக்சைடுக்குள் நுழைந்து நகர்ந்துகொண்டிருந்தது. இன்று சிப் ஆலைக்குள் போகிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொள்வதன் காரணங்களில் இந்தச் சோடியமும் ஒன்று.

இதே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தபோதுதான், 1965 ஏப்ரலில் ‘எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் மூர் அந்தச் சிறு கட்டுரையை எழுதினார். ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு இரு மடங்காகிக்கொண்டு வருகிறது, பத்தாண்டு இப்படியே போனால் 1975இல் 65,000 ஆகும் என்றார். 1975இல் அவரே வேகத்தைத் திருத்தி, இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றார். ‘விதி’ என்ற பெயரை வைத்தது அவரல்ல. கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட்.

இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் வளைவரையைக் காட்டுவார்கள்; எழுத்தைப் படிப்பதில்லை. எழுத்துக்குள் இருப்பது ஒரு விளைச்சல் கணக்கு. உறுப்புகளைக் கூட்டினால் ஒவ்வொன்றின் விலை குறையும். மிகையாகக் கூட்டினால் பழுது பெருகி விலை ஏறும். இரண்டுக்கும் நடுவே மலிவான ஒரு புள்ளி இருக்கிறது, அது ஆண்டுதோறும் நகர்கிறது என்பதுதான் வாதம். அதற்கும் மேலே ஒரு வரியில் மூர் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். வேதிவினைகளின் விளைச்சலுக்கு வெப்ப இயக்கவியல் சமநிலை ஒரு கூரை போடும். சிப்பின் விளைச்சலுக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை, உழைத்தால் நூறு சதவீதத்தை நெருங்கலாம் என்கிறார். இந்த ஒப்பீடு ஒரு மின்பொறியாளருக்குத் தோன்றியிருக்காது. கணினி யுகத்தின் புகழ்பெற்ற முன்கணிப்பு, ஒரு வேதியியலாளர் தமது பழைய துறையின் கட்டுப்பாடு இங்கே இல்லையே என்று கண்டு வியந்ததிலிருந்து பிறந்தது.

தலைமைப் பண்புக்கு வருவோம். 1968 ஜூலையில் மூரும் நாய்ஸும் இன்டெல்லைத் தொடங்கினார்கள். குரோவ் கூடவே வந்தார். அவர்கள் எடுத்த முக்கிய முடிவு, என்ன செய்யப்போவதில்லை என்பது. தனி ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதில்லை என்றார்கள். ஃபேர்சைல்டில் ஆராய்ச்சி பாலோ ஆல்டோவில் நடக்கும், உற்பத்தி மவுன்டன் வியூவில் நடக்கும். சில மைல் தூரம்தான். ஆனால், ஆய்வகத்தில் அருமையாக வந்த செய்முறை ஆலைக்குப் போனதும் படுத்துவிடும். ஆய்வாளர்கள் ஆலைக்காரர்களைப் பழிப்பார்கள். ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாங்களே செய்வார்கள். குடுவையில் நடக்கும் வினை பெரிய கலத்தில் அதேபோல நடக்காது என்பது வேதிப்பொறியியலில் பாலபாடம். மூர் அதை நிறுவன அமைப்பாகவே மாற்றினார்: இன்டெல்லில் புதிய செய்முறையை உற்பத்தி நடக்கும் அதே தளத்தில், அதே உலைகளில் உருவாக்க வேண்டும்.

முதல் ஆண்டில், நினைவகச் சிப் செய்ய மூன்று வழிகளை ஒரே நேரத்தில் முயன்றார்கள். ஒன்று மிக எளிது. போட்டியாளர்கள் உடனே பின்பற்றிவிட்டார்கள். ஒன்று மிகக் கடினம், கைவிட்டார்கள். நடுவில் இருந்தது, டிரான்சிஸ்டரின் வாயிலை (கேட்) சிலிக்கானாலேயே செய்யும் சிலிக்கான் வாயில் முறை. அதுவும் எளிதில் பணியவில்லை. சிப்பின் மேற்பரப்பில் கூர்மையான படிகள் உருவாக, அவற்றின் மேல் ஓடும் மெல்லிய அலுமினியப் பாதை விளிம்பில் அறுந்துபோனது. தீர்வு மூருடையது. மேலே படியும் கண்ணாடிப் படலத்தில் பாஸ்பரசைச் சேர்த்தால் அதன் உருகுநிலை இறங்கும், சூடாக்கினால் இளகி, விளிம்புகள் மழுங்கி வளையும், உலோகம் அறுபடாது. நிறுவனத்தின் உயர் நிர்வாகி, தம் பெயரில் காப்புரிமை பெறும் அளவுக்கு உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் செய்முறையில்தான் 1970இல் 1103 என்ற நினைவகச் சிப்பும், 1971இல் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 நுண்செயலியும் வந்தன.

மூரைத் தீர்க்கதரிசியாக்கவும் வேண்டாம். வீட்டுக் கணினி வரும் என்று 1965 கட்டுரையில் எழுதியவர் அவர். எழுபதுகளில் இன்டெல் பொறியாளர் ஒருவர் அதைச் செய்யலாம் என்று யோசனை கொண்டுவந்தபோது, அது எதற்கு உதவும் என்று மூர் கேட்டார். இல்லத்தரசிகள் சமையல் குறிப்புகளைச் சேமிக்கலாம் என்பதே பதிலாகக் கிடைத்தது. தம் மனைவி பெட்டி அடுப்படியில் கணினியோடு நிற்பதைக் கற்பனை செய்ய முடியாமல் யோசனையை விட்டுவிட்டார். மைக்ரோமா என்ற கைக்கடிகார நிறுவனத்தை வாங்கி நஷ்டப்பட்டு, அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, இது என் ஒன்றரைக் கோடி டாலர் கடிகாரம் என்று சொல்லித் திரிந்தார். வாடிக்கையாளரின் மனம் அவருக்குப் புலப்பட்டதில்லை. பொருளின் மனம் புலப்பட்டது.

பேச்சிலும் அவர் நாய்ஸைப் போல அரங்கத்தை ஈர்ப்பவர் அல்ல. கூட்டத்தில் பலர் உரக்கப் பேசும்போது மூர் வாய் திறக்காமல் இருப்பார் என்பதையும், அவர் முகம் மாறுவதைப் பார்த்துத் தாம் கூட்டத்தை நிறுத்தி அவரைப் பேசவைக்க நேர்ந்ததையும் குரோவ் சொல்லியிருக்கிறார். 1985இல் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் இன்டெல்லின் நினைவகச் சிப் வியாபாரம் நொறுங்கிக்கொண்டிருந்தது. நம்மை நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத்திலிருந்து வெளியேறிவிடுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் அதை நாமே செய்தால் என்ன என்றார் குரோவ். நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய பொருளை, அதை உருவாக்கியவர்களே கைவிட்டு, நுண்செயலிக்கு மாறினார்கள். 1986இல் 17 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. குரோவின் கேள்விதான் புகழ்பெற்றது. எனக்கு மூரின் பதில்தான் பெரிதாகப் படுகிறது. அளவீடு பொய்த்துவிட்டால் கருதுகோளைத் தூக்கிப்போடும் ஆய்வகப் பழக்கம் அது. சொந்தப் பிள்ளையென்றாலும் சரி.

இந்தக் கதையில் வேதியியலின் பங்கை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால், மவுன்டன் வியூவின் நிலத்தடி நீரையும் சொல்ல வேண்டும். சிலிக்கான் தகடுகளைக் கழுவப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் முதலிய கரைப்பான்கள் நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்தன. ஃபேர்சைல்டு, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களின் பழைய ஆலைகள் இருந்த பகுதி, அமெரிக்க அரசின் அதிமாசுத் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் சான்டா கிளாரா கவுன்டியில்தான் இத்தகைய தலங்கள் அமெரிக்காவிலேயே மிக அதிகம். புகைபோக்கி இல்லாத தூய தொழில் என்று பெயர் வாங்கியதற்கு, உள்ளே நடப்பது ரசாயன வேலை என்பதை எல்லோரும் வசதியாக மறந்துபோனதும் ஒரு காரணம்.

அந்த மறதி இப்போது இந்தியாவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாயில் குறைகடத்தித் திட்டத்தை அறிவித்தது. குஜராத்தின் தொலேராவில் தைவான் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா அமைக்கும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. 1989இல் மொஹாலியில் இருந்த அரசுச் சிப் ஆலை தீயில் அழிந்த பிறகு நாடு இழந்த காலத்தை ஈடுகட்டும் முயற்சி, வரவேற்க வேண்டியது. ஆனால், சிப் என்றதும் நம் கல்லூரிகளில் நடக்கும் ஏற்பாடு பெரும்பாலும் சிப் வடிவமைப்புப் பாடம், மென்பொருள் பயிற்சி. வடிவமைப்பில் நம் பொறியாளர்கள் ஏற்கெனவே திறமைசாலிகள். பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருந்துகொண்டு உலகத்துக்கு வடிவமைத்துத் தருகிறார்கள். செய்முறை தெரிந்தவர்கள்தாம் நம்மிடம் குறைவு.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வந்ததும் கணினி இடங்கள் முதலில் நிரம்புகின்றன. எந்தக் கல்லூரி முதல்வரைக் கேட்டாலும் பி.எஸ்சி. வேதியியல் வகுப்பை நிரப்பும் பாட்டைச் சொல்வார். அப்படிச் சேர்ந்த மாணவருக்கு நாம் இன்னமும் டைட்ரேஷனும் உப்புப் பகுப்பாய்வும் செய்யக் கற்றுத்தருகிறோம். அது தவறல்ல, சோடியத்தைப் பிடித்தவர்களும் அடிப்படையில் உப்புப் பகுப்பாய்வுதான் செய்தார்கள். வெற்றிடக் கலம், மென்படலப் பூச்சு, நச்சு வாயுக் கையாளல், லட்சம் கோடியில் ஒரு பங்கு மாசை அளக்கும் கருவி ஆகியவற்றில் ஒன்றையாவது தொட்டுப் பார்க்காமல் அவர் பட்டம் பெற்று வெளியேறுவதுதான் தவறு. ஒவ்வொரு கல்லூரிக்கும் இவற்றை வாங்கித் தர முடியாது. மண்டலத்துக்கு ஓர் ஆய்வுக்கூடமாக அமைத்துப் பல கல்லூரி வேதியியல் மாணவர்களும் முறைவைத்துப் பயன்படுத்த விடலாம். குறைகடத்தித் திட்டத்தின் மொத்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் அதற்காகும் செலவு சில்லறை.

அப்படிப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு பகுதியினர் ஆலைக்குள் உலைப் பக்கம் போகட்டும். இன்னொரு பகுதியினர் ஆலைக்கு வெளியே, கழிவுக் குழாயின் மறுமுனையில், ஆலையிடம் சம்பளம் வாங்காதவர்களாக நிற்க வேண்டும். மவுன்டன் வியூவில் தண்ணீரைச் சோதித்தபோது கரைப்பான் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தொலேராவில் ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே நிலத்தடி நீரின் முதல் அளவீட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடலாம்.